ஆடாதவன் வீட்டு டீ

பேர் வாங்கிய ஆட்டக்காரர் ஒருவர், பேர் வாங்காத ஆட்டக்காரர் ஒருவரிடம் பாடம் கேட்க வந்தார். வடசென்னையில், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், புல் முளைக்காத ஒரு மைதானத்தில் இது நடந்தது.

வந்தவர் குணாளன். ஒரு காலத்தில் மாநிலக் கால்பந்து அணியின் ஸ்ட்ரைக்கர். அவர் கோல் போடும் படம் பேப்பரில் வந்திருக்கிறது. வங்கியில் நிரந்தர வேலை அவரைத் தேடி வந்திருக்கிறது. ஆட்டத்தை விட்ட பிறகு கோச் ஆனார். எடுத்த முதல் அணி கடைசி இடத்துக்குப் போய் ஒரு டிவிஷன் கீழே இறங்கியது. இரண்டாவது அணியும் இறங்கியது. அதற்குப் பிறகு அவரைக் கூப்பிட ஆள் இல்லை.

பாடம் சொல்ல வேண்டியவர் இஞ்ஞாசி. அவரும் ஸ்ட்ரைக்கர்தான். ஆனால் எந்த அணியும் அவரை ஆசைப்பட்டு எடுத்ததில்லை. எங்காவது ஒருவனுக்குக் கால் பிசகினால் இஞ்ஞாசிக்கு ஆள் வரும். அவன் கால் சரியானதும் இவர் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். கோயம்புத்தூரில் ஒரு மில், கோவாவில் ஒரு மழைக்காலம், கொல்கத்தாவில் ஒரு சின்ன கிளப், மலப்புரத்தில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் என்று பதினான்கு அணிகளின் சட்டையைப் போட்டுக் கழற்றினார்.

அணியை நடத்தும் மேனேஜர் ஆன பிறகும் அவர் ஜாதகம் மாறவில்லை. பாதி சீசனில் மூழ்கப்போகிற அணி அவரைக் கூப்பிடும். அவர் கரையேற்றுவார். அடுத்த சீசனுக்கு அவர்கள் வேறு பெரிய பேராகப் பார்த்துக்கொள்வார்கள். இப்போது அவர் கையில் இருந்தது பாலத்தடி கிளப்.

அவர் எடுத்த எந்த அணியும் டிவிஷன் இறங்கியதில்லை. அதுதான் குணாளனைத் தூங்கவிடவில்லை.

மைதானத்தில் எல்லோரும் இஞ்ஞாசியை மாஸ்டர் என்பார்கள். குணாளன் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர். முன்பு ஒரே அணியில் ஒரு சீசன் இருவரும் இருந்தார்கள். குணாளன் ஆடினார். அவருக்கு மாற்றாக இஞ்ஞாசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்று காலையில் 'மாஸ்டர்' என்று சொல்லக் குணாளனின் நாக்கு கொஞ்சம் சிரமப்பட்டது. சொல்லிவிட்டார்.

"மாஸ்டர், என் டீம் ஏன் தோத்துச்சு? நல்ல பசங்க. எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தேன்."

மாஸ்டர் பந்துகளைப் பொறுக்கி வலைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"உன் டீம்ல பெஞ்சுல கடைசியா உக்காந்திருந்தவன் பேரு இன்னா?"

குணாளன் யோசித்தார். ஒரு முகம் வந்தது. குட்டையாக இருப்பான், இடது காலால் உதைப்பான். பேர் வரவில்லை.

"மறந்துடுச்சு மாஸ்டர்."

"கோல் போட்டவங்க பேரு?"

அதைக் குணாளன் கடகடவென்று சொன்னார். எந்த ஆட்டத்தில், எந்தப் பக்கத்துக் கோல்போஸ்டில் என்பது வரை சொன்னார்.

மாஸ்டர் பையைச் சுருக்குப் போட்டுக் கட்டினார்.

"சனிக்கெழம சாயங்காலம் வா. பூட்ஸு வேணாம். நடக்கறதுக்கு நல்ல செருப்பு போட்டுக்கினு வா."

*

பாலத்தடி கிளப்புக்கு ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில். அன்று காலை, ஆடப்போகிற பதினோரு பேர் யார் என்று ஒரு தாள் டிரெஸ்ஸிங் ரூம் சுவரில் ஏறும். யாராவது அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். இது எல்லாக் கிளப்பிலும் உள்ளதுதான்.

மற்றக் கிளப்புகளில் இல்லாத ஒன்று, முந்தின நாள் சாயங்காலம் நடந்தது. ஆடப்போகாத ஒவ்வொருவன் வீட்டுக்கும் மாஸ்டர் நடந்து போவார்.

முதல் வீடு காசிமேட்டில், ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் மாஸ்டரைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். பையன் வெளியே வந்தான். அவன் இரண்டாவது கோல்கீப்பர். மாஸ்டர் வாசலில் நிற்பதைப் பார்த்ததுமே அவன் முகம் மாறிவிட்டது.

"நாளைக்கு நீ இல்லப்பா," என்றார் மாஸ்டர்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு சுவரைப் பார்த்தான். மாஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறு எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. அவர் அதை நிதானமாகக் குடித்தார். தம்ளரை அந்த அம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தார். குணாளன் வாசலிலேயே நின்றிருந்தார்.

இரண்டாவது வீட்டில் திட்டு விழுந்தது. மூன்று வாரமாக வெளியே உட்கார்ந்திருக்கிற ஒருவன், கல்யாணமானவன், மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினான். மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டி முடித்ததும் அவனே உள்ளே போய் டீ கொண்டுவந்தான்.

தெருவுக்கு வந்ததும் குணாளன் கேட்டார்.

"மாஸ்டர், இதுக்கு ஒரு போன் போதுமே."

"போதும்."

"அப்புறம் எதுக்கு இந்த நடை?"

மாஸ்டர் சொன்னார்.

"மலப்புரத்துல செவன்ஸ் ஆடிக்கினு இருந்தேன். ஆட்டத்துக்கு ஆட்டம் ஆள் எடுப்பாங்க. சாயங்காலம் லாட்ஜுக்கு ஜீப்பு வரும், ஏறிக்கினு போவோம். ஒரு நாள் மாடில உக்காந்து லேஸு கட்டிக்கினு இருக்கேன். கீழ ஜீப்பு சத்தம் கேட்டுச்சு. வர்ற சத்தம்னு நெனச்சேன். அது போற சத்தம்."

"அப்புறம்?"

"லேஸ அவுத்தேன்."

"யாருமே சொல்லலையா?"

"வாட்ச்மேன் சொன்னாரு. நல்ல மனுசன். அவருக்கே சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

குணாளன் ஏதோ ஞாபகம் வந்தவராகக் கேட்டார்.

"நம்ம டீம்ல இருந்தப்போ உங்களுக்கு யார் சொல்வாங்க?"

"யாரு சொல்லணும்? நீ நேரா நடந்து வந்தினா நான் இல்ல. உன் முழங்காலப் பாத்தே தெரிஞ்சிக்குவேன். அந்த சீசன் பூரா உன் முழங்காலத்தான் பாத்துக்கினு இருந்தேன் குணா. மாதா கோயில்ல முட்டி போட்டா, அவனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு வேண்டிக்குவேன். லேசா ஏதாச்சும் ஆவட்டும்னும் வேண்டிக்குவேன்."

குணாளன் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வீடு வருவதற்குள் அவருக்கு இன்னும் சில கேள்விகள் இருந்தன.

"ஏன் என்னை எடுக்கலன்னு கேட்டா?"

"சொல்லாத. நீ ஒரு காரணம் சொல்லுவ. அவன் ராத்திரி பூரா அதையே பெரட்டிக்கினு கெடப்பான்."

"எப்ப ஆட வெப்பீங்கன்னு கேட்டா?"

"அதயும் சொல்லாத."

"வேற என்னத்தத்தான் சொல்றது?"

"நாளைக்கு நீ இல்லன்னு சொல்லு. அப்புறம் உக்காரு. டீ குடுப்பாங்க. குடிச்சி முடிக்காம எழுந்திருக்காத."

"டீ குடுக்கலன்னா?"

"குடுக்கற வரைக்கும் போ."

"சரி, ஆடப்போறவங்க பதினோரு பேரு. அவங்க கிட்ட எப்பப் போவீங்க?"

மாஸ்டருக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்தது போலும்.

"அவங்களுக்குச் செவுரு சொல்லிக்கும்," என்றார்.

*

குணாளன் அந்த சீசன் முடியும் வரை மாஸ்டருக்கு உதவியாளராக இருந்தார். பயிற்சியில் பந்தை எப்படி நிறுத்துவது, எப்படித் திரும்புவது என்று பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாஸ்டரே ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார். சனிக்கிழமைகளில் மாஸ்டர் பின்னால் நடந்தார்.

நடக்க நடக்க அவர் கண்ணில் சில விஷயங்கள் பட்டன. பாலத்தடி அணியின் பெஞ்ச் சும்மா உட்காராது. ஆட்டம் ஓடும்போது வெளியே இருக்கிறவர்கள் எழுந்து நின்று, "பின்னாடி ஆளு, பின்னாடி ஆளு" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். களத்தில் இருக்கிறவனுக்கு முதுகுப் பக்கம் நடப்பது அவர்கள் சொல்லித்தான் தெரியும். தான் நடத்திய அணிகளில் பெஞ்சில் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது குணாளனுக்கு ஞாபகம் வந்தது. சில பேர் எதிர் அணி கோல் போட்டால் குனிந்து சிரித்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. அன்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இடையில் மாஸ்டர் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். பிளேட்லெட் குறைந்துவிட்டது, எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரம் அணியைத் தேர்ந்தெடுப்பதும், சனிக்கிழமை வீடு வீடாகப் போவதும், ஞாயிற்றுக்கிழமை கோட்டோரம் நிற்பதும் குணாளன் பொறுப்பு.

குணாளன் லோகுவை எடுக்கவில்லை. லோகு அணியின் மூத்த ஸ்ட்ரைக்கர். வயது முப்பத்துமூன்று. காலையில் மீன் லோடு ஆட்டோ ஓட்டுவான், சாயங்காலம் பயிற்சிக்கு வருவான். இதுதான் கடைசி சீசன் என்று அவனே சொல்லிக்கொண்டிருந்தான். எதிர் அணியின் டிஃபெண்டர்கள் உயரமானவர்கள். லோகு அவர்களிடம் எடுபட மாட்டான் என்று குணாளன் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் தப்பில்லை.

"நாளைக்கு நீ இல்ல லோகு."

லோகு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியைப் பிழிந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரிண்ணா."

அந்தக் குரலைக் குணாளனால் தாங்க முடியவில்லை. ஒரு ஸ்ட்ரைக்கரின் முகம் வாடுவது இன்னொரு ஸ்ட்ரைக்கருக்குத்தான் முதலில் தெரியும். வாய் தானாகத் திறந்தது.

"செகண்ட் ஹாஃப்ல உன்ன இறக்குறேன்."

லோகு நிமிர்ந்தான். "நெஜமாவாண்ணா?"

"இறக்குறேன்னு சொல்றேன்ல."

அன்று லோகு வீட்டு டீ மிகவும் நன்றாக இருந்தது. பிஸ்கட்டும் வந்தது.

மறுநாள் ஆட்டத்தில் பாலத்தடி அணி முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டது. இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பாலத்தடி டிஃபெண்டர் ஒருவனுக்கு ரெட் கார்டு. இனி பத்துப் பேரை வைத்துக்கொண்டு அந்த ஒரு கோலைக் காப்பாற்ற வேண்டும். இந்த நேரத்தில் ஸ்ட்ரைக்கரை இறக்குகிறவன் பைத்தியக்காரன். குணாளன் ஒரு டிஃபெண்டரை இறக்கினார். பிறகு இன்னொரு டிஃபெண்டரை இறக்கினார்.

லோகு கோட்டோரமாக ஓடிக்கொண்டிருந்தான். உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஓடுவார்களே, அந்த ஓட்டம். மூலைக் கொடி வரை ஓடுவான், திரும்புவான், பெஞ்சைப் பார்ப்பான். மறுபடி கொடி வரை ஓடுவான். குணாளன் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஆட்டம் முடிந்தது. பாலத்தடி ஜெயித்தது. கோட்டோரத்தில் நின்று குணாளன் ஜெயித்தது பல வருடங்களுக்குப் பிறகு. பசங்கள் அவரைத் தூக்கினார்கள். கீழே இறங்கித் தேடியபோது லோகு இல்லை.

அடுத்த இரண்டு நாள் அவன் பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் குணாளன் வீட்டுக்குப் போனார். ஆட்டோ இல்லை. லோகுவின் மனைவி சரசு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"மாமனாரு பக்கவாதம் வந்து படுத்துக்கினு கீறாரு. தெரியுமில்ல உங்களுக்கு?"

குணாளனுக்குத் தெரியாது.

"'குணா அண்ணன் சொல்லிட்டாரு, செகண்டாப்பு ஆடறேன்'னு இவருதான் அப்பாவத் தூக்கி ஆட்டோல வெச்சிக்கினு வந்தாரு. நானும் வந்தேன். கேலரில சாச்சி உக்கார வெச்சோம். அந்த மனுசன் வெயில்ல கண்ண இடுக்கிக்கினு இவரு கோட்டாண்ட ஓடறதயே பாத்துக்கினு இருந்தாரு. லோகு எப்பம்மா உள்ள போவான், எப்பம்மா உள்ள போவான்னு கேட்டுக்கினே இருந்தாரு. நான் இன்னா சொல்றது? எடுக்கலன்னா எடுக்கல. அது ஒண்ணும் புதுசு இல்ல. எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

குணாளனுக்கு அவமானமாக இருந்தது. அவள் கதவைச் சாத்தும் வரை நின்றுவிட்டுத் திரும்பினார்.

மாஸ்டர் போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"ஜெயிச்சோம் மாஸ்டர்."

"சொன்னாங்க."

"லோகு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."

"டீ குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப மேட்ச்சு இன்னும் முடியல," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் குணாளன் மறுபடி போனார். லோகு கதவைத் திறந்தான். பார்த்தான். திரும்பி உள்ளே போய்விட்டான்.

அதற்கும் மறுநாள் போனபோது, வாசல் நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டிருந்தது. அதில் லோகுவின் அப்பா படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பேச்சு மெதுவாக வந்தது.

"நீ குணாளன் இல்ல? உக்காருப்பா. உன் ஆட்டம் பாத்திருக்கேன். மழைல, கார்னர்லேந்து வந்த பந்த, தலையால போட்டியே."

அந்தக் கோலைப் பற்றி யார் பேசினாலும் குணாளன் நாள் முழுக்கக் கேட்பார். அன்று அவரால் கேட்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

"ஐயா, லோகுவ இறக்குறேன்னு சொன்னேன். இறக்கல. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

பெரியவர் நல்ல கையால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடிக்கினே இருந்தாம்பா," என்றார்.

"தெரியும்யா."

"பாத்தியா நீ?"

குணாளன் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டார்.

"பாக்கல ஐயா. பாக்க தைரியம் வரல."

"நல்லா ஓடினான்," என்றார் பெரியவர்.

கதவுக்குப் பின்னால் சரசு நின்றிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே ஸ்டவ் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. டீயில் சர்க்கரை போட்டிருக்கவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றே செய்தாளா என்று தெரியவில்லை. குணாளன் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

அன்று சாயங்காலம் லோகு பயிற்சிக்கு வந்தான். குணாளனோடு பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, மற்றவர்களோடு சேர்ந்து, தொண்டை கட்டும் வரை கத்தினான்.

*

பாலத்தடி கிளப் அந்த சீசனில் டிவிஷன் இறங்காமல் தப்பியது. மாஸ்டர் அடுத்த சீசனுக்குப் பசங்களைத் தயார் செய்தார். அவர் ஒரே கிளப்பில் இரண்டாவது சீசனுக்குத் தயார் செய்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை அவர் வெளியே காட்டவில்லை. மைதானத்தின் ஓரத்தில் இரண்டு வேப்பங்கன்று நட்டார். அவ்வளவுதான்.

புது சீசனின் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், கிளப் செயலாளர் வரதராஜுலு குணாளனைத் தன் கடைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"குணாளன் சார், நமக்கு ஸ்பான்சர் கிடைச்சாச்சு. பெரிய இடம். ஆனா அவங்களுக்கு ஒரு முகம் வேணுமாம். போஸ்டர்ல போடற மாதிரி. இஞ்ஞாசி முகத்த யாருக்குத் தெரியும் சொல்லுங்க? நாளையிலேர்ந்து நீங்கதான் மேனேஜர். கமிட்டி முடிவு பண்ணியாச்சு."

குணாளன் கேட்க ஏங்கிய வார்த்தை அது. இரண்டு அணியைக் கவிழ்த்தவன் என்ற பேரைத் துடைத்துக்கொள்ள அவருக்கு இனி வேறு வழி வராது. அதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

"சரி," என்றார்.

பிறகு அவரே கேட்டார்.

"அவர் கிட்ட யார் சொல்றது?"

"அதுக்கு எதுக்கு நீங்க கவலப்படறீங்க? காலைல குரூப்ல போட்டுடலாம். அவரு பாத்துக்குவாரு. அவருக்கு இதெல்லாம் பழக்கம்தானே. நீங்க போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

குணாளன் எழுந்தார். நல்லா இருக்காதுதான். வெயில் தாழும் வரை பாலத்தடி மைதானத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். வேப்பங்கன்றுகளுக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஒரு கூட்ஸ் வண்டி பாலத்தின் மேல் போனது. அது போய் முடிந்ததும் எழுந்து நடந்தார்.

மாஸ்டர் வீடு ஹவுசிங் போர்டு குடியிருப்பில், இரண்டாவது மாடியில். குணாளன் ஏறிப்போனபோது மாஸ்டர் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலில் மாட்டியாகிவிட்டது.

"வா குணா. லேட்டாயிடுச்சி. மொதல்ல ஐஸ் ஃபேக்டரி பக்கம் போய்டலாம்."

குணாளன் நகரவில்லை.

"மாஸ்டர், நாளைக்கு நீங்க இல்ல."

மாஸ்டர் கை சுவரிலேயே இருந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மாட்டிய செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சுவரோரம் வைத்தார்.

"பிலோமி," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். "ரெண்டு டீ போடு."

இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாளைக்கு யாரு?"

"நான்தான்."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னுட்டேன்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு திரும்பி, "ஏன் குணா?" என்று கேட்டார்.

அது சோதனை இல்லை. அத்தனை வீட்டு வாசலிலும் அத்தனை பசங்களும் கேட்ட அதே கேள்விதான், அதே குரல்தான். குணாளனுக்கு ஸ்பான்சர், போஸ்டர், கமிட்டி எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். வாயை மூடிக்கொண்டார். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

பிலோமினா டீ கொண்டுவந்தாள். ஒரு தம்ளரைக் கணவன் முன் வைத்தாள். இன்னொன்றைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"போன கிளப்புல இவரு கிரவுண்டுக்குப் போயித்தான் தெரிஞ்சிக்கினாரு," என்றாள், குணாளனைப் பார்த்து. "அங்க வேற யாரோ விசில் ஊதிக்கினு இருந்தாராம். பசங்களுக்குன்னு ஒரு பை நெறைய ஆரஞ்சிப்பழம் வாங்கிக்கினு போனாரு. அத அப்படியே கொண்டாந்து என் கைல குடுத்தாரு. இன்னாங்க ஆச்சுன்னு கேட்டா, பழம் நல்லா இனிப்பா கீது, நீ சாப்புடுன்றாரு."

குணாளன் தலை குனிந்திருந்தார். அவள் கையிலிருந்த தம்ளர் கீழே இறங்கவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை. நாளைக்கும் வருவது, அதற்கு அடுத்த நாளும் வருவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

"குடு பிலோமி," என்றார் மாஸ்டர்.

அவள் தம்ளரைக் குணாளன் முன் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாஸ்டர் தன் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"பதினாலு கிளப்புல ஆடினேன். அப்புறம் எத்தினியோ டீமு பாத்துக்கினேன். எல்லாத்துலேந்தும் அனுப்பினாங்க. படியேறி வந்து சொன்னவன் நீ ஒருத்தன்தான்."

குணாளனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதையாவது சொல்ல வேண்டும் என்று தவித்தார்.

"மாஸ்டர், நான்..."

மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். வாசல் பக்கம் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார்.

"பசங்க யாரு வூட்டுக்காச்சும் போனியா?"

"இல்ல மாஸ்டர். முதல்ல இங்கதான் வந்தேன்."

"அப்ப டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு. இன்னும் ஒம்போது வூடு இருக்குது."